எட்ஜ்வுட்டின் கணக்கும் ஆஸ்டினின் கடமையும்

டெக்சாஸ் மாநிலத்தின் பள்ளிக் கதையைச் சென்ற பகுதியில் 1949-இல் நிறுத்தியிருந்தோம். ராக்ஸ்பிரிங்ஸ் ஊரைச் சேர்ந்த கிளாட் கில்மர், பாரிஸ் ஊரின் செனட்டர் ஏ. எம். ஐக்கின் ஆகிய இருவர் பெயராலும் வழங்கும் சட்டங்கள் அந்த ஆண்டு நிறைவேறின. சுமார் 4,500 பள்ளி மாவட்டங்கள் 2,900 ஆகச் சுருங்கின. 9 மாதப் பள்ளியாண்டும் 12 ஆண்டுப் படிப்பும் குறைந்தபட்ச அளவாயின. அந்தக் குறைந்தபட்சத்துக்கு ஆகும் செலவில் ஒரு பங்கை மாநிலக் கருவூலம் ஏற்றுக்கொண்டது. மாநிலத்துப் பள்ளி வாரியங்கள் கூடித் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டதும் அதே ஆண்டில்தான். பணம் தலைநகர் ஆஸ்டினிலிருந்து வரத் தொடங்கியபின் அங்கே போய்ப் பேசவும் ஊர்களுக்கு ஆள் தேவைப்பட்டது.

இந்த வாரியம் நமக்குப் பழக்கமில்லாத அமைப்பு என்பதால் கொஞ்சம் விளக்க வேண்டும். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளம் மாநிலக் கருவூலத்திலிருந்து வருகிறது. பள்ளி இருக்கும் ஊர் ஏழை ஊரா, பணக்கார ஊரா என்பதைப் பார்த்து அது கூடுவதும் குறைவதும் இல்லை. டெக்சாஸில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் இன்று இருக்கின்றன. ஏறக்குறைய எல்லாமே நகராட்சியோடு சேராத தனி ஆட்சியமைப்புகள். பெரும்பாலும் 7 பேர் கொண்ட வாரியத்தை ஊர் வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. சட்டமே அப்படித்தான் சொல்கிறது. பகலில் பண்ணையோ கடையோ அலுவலகமோ பார்ப்பவர்கள் மாலையில் கூடி, மாவட்டக் கண்காணிப்பாளரை நியமிக்கிறார்கள், வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றுகிறார்கள், ஊரிலுள்ள வீட்டுக்கும் நிலத்துக்கும் பள்ளி வரி எவ்வளவு என்று விதிக்கிறார்கள். ஆனால் அந்த வரிக்கு உச்சவரம்பு என்ன, ஒரு மாணவருக்கு மாநிலம் எவ்வளவு தரும், எந்தத் தேர்வு கட்டாயம் என்பதெல்லாம் ஆஸ்டினில் முடிவாகிறது. சட்டமன்றத்தின் வழக்கமான அமர்வு ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், ஜனவரியில் தொடங்கி 140 நாள் நடக்கும். அமர்வு முடிந்த கையோடு, அந்தக் கோடையிலேயே ஒவ்வொரு வாரியமும் தன் வரவு செலவை எழுதி முடித்தாக வேண்டும். ஆஸ்டின் எழுதிய எண்ணுக்கு எத்தனை ஆசிரியர்கள் கட்டுப்படியாகும் என்று கணக்குப் போட்டு, கட்டுப்படியாகாத இடங்களை நீக்குகிற பொறுப்பு அந்த 7 பேர் தலையில் விழுகிறது.

1876-இல் இயற்றப்பட்ட டெக்சாஸ் அரசமைப்பின் 7-ஆம் பிரிவு, மக்களின் சுதந்திரமும் உரிமைகளும் நிலைக்க அறிவு பரவ வேண்டும் என்றும், ஆகவே திறம்பட நடக்கும் இலவசப் பொதுப் பள்ளிகளை ஏற்படுத்தித் தாங்குவது சட்டமன்றத்தின் கடமை என்றும் சொல்கிறது. கடமை சட்டமன்றத்துடையது, அதை ஊரில் நடத்திக்காட்டும் வேலை வாரியத்துடையது. வாரிய உறுப்பினர் சட்டமன்றத்துக்குப் போய்ப் பேசுவதை இந்தப் பகிர்வை வைத்துத்தான் பார்க்க வேண்டும். தொழில் முதலாளி வரிச்சலுகை கேட்கப் போவதும் இதுவும் ஒன்றல்ல. சட்டமன்றம் தன்மேல் ஏற்றுக்கொண்ட கடமை இந்த ஊரில் எவ்வளவு நிறைவேறியிருக்கிறது, எவ்வளவு பாக்கி என்று கணக்குச் சொல்ல அவர் போகிறார். அந்தக் கணக்கை ஊரின் பெயரால், ஊர் வாக்கைப் பெற்ற தகுதியோடு சொல்லக்கூடியவர் வேறு யாரும் இல்லை. கடந்த அரை நூற்றாண்டு டெக்சாஸ் வரலாறு இதற்குச் சான்று என்று கருதுகிறேன். இதற்கு எதிரான சான்றுகளும் அந்த வரலாற்றிலேயே இருக்கின்றன, அவற்றையும் பார்ப்போம்.

சான் அன்டோனியோ நகரின் மேற்குப் பகுதியில் இருக்கிறது எட்ஜ்வுட் பள்ளி மாவட்டம். 1968 மே 16 அன்று அங்கே உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சுமார் 400 பேர் வகுப்பை விட்டு வெளியேறிக் கண்காணிப்பாளர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் போனார்கள். அந்தக் கோடையில் டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்ற உலோகத் தகட்டுத் தொழிலாளியும் வேறு சில பெற்றோர்களும் ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கில் பதிவான 1967-68 கணக்கை ஒருமுறை நிதானமாகப் படிப்பது நல்லது. எட்ஜ்வுட்டில் சுமார் 22,000 மாணவர்கள். பத்தில் ஒன்பது பேர் மெக்சிக வம்சாவளியினர். ஒரு மாணவருக்கு ஊரில் இருந்த சொத்தின் மதிப்பு 5,960 டாலர். நூறு டாலர் சொத்துக்கு 1.05 டாலர் வரி போட்டார்கள். அந்த நகர வட்டாரத்திலேயே அதுதான் மிக உயர்ந்த விகிதம். மாநிலத்தின் அடிப்படைத் திட்டத்துக்குக் கட்ட வேண்டியதைக் கட்டியபின் ஒரு மாணவருக்கு மிஞ்சியது 26 டாலர். அதே நகர வட்டாரத்தில் அலமோ ஹைட்ஸ் என்ற வசதியான மாவட்டம் 0.85 டாலர்தான் வரி போட்டது. அங்கே மிஞ்சியது 333 டாலர். மாநிலம் எட்ஜ்வுட்டுக்கு 222 டாலரும் அலமோ ஹைட்ஸுக்கு 225 டாலரும் தந்தது. ஏழை ஊருக்கு ஈடுகட்ட வேண்டிய திட்டம் பணக்கார ஊருக்கு 3 டாலர் கூடுதலாகவே கொடுத்திருக்கிறது. ஃபெடரல் உதவியையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு மாணவருக்கு எட்ஜ்வுட்டில் 356, அலமோ ஹைட்ஸில் 594. எட்ஜ்வுட் மக்கள் கல்வியில் அக்கறை இல்லாதவர்கள் என்று எவரும் சொல்ல முடியாதபடி அந்த 1.05 பதில் சொல்லிவிடுகிறது.

அந்த வழக்கில் முதலில் எதிர்த்தரப்பில் நிறுத்தப்பட்டவை சான் அன்டோனியோ வட்டாரத்தின் 7 பள்ளி மாவட்டங்கள். பெற்றோரின் கோபம் கைக்கெட்டிய வாரியத்தின் மேல் பாய்ந்தது இயல்புதான். ஆனால் விசாரணைக்கு முன்பே நீதிமன்றம் மாவட்டங்களை வழக்கிலிருந்து விடுவித்தது. பிறகு, வழக்கின் தலைப்பில் எதிர்த்தரப்பாகப் பெயர் நின்றுவிட்ட சான் அன்டோனியோ மாவட்டமே அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் பெற்றோருக்கு ஆதரவாக மனுத் தாக்கல் செய்தது. குறை வாரியத்தின் அலட்சியத்தில் இல்லை, மாநிலம் வகுத்த நிதிமுறையில் இருக்கிறது என்று இருதரப்பும் கண்டுகொண்டதன் அடையாளம் அது. 1971 டிசம்பரில் ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்தில் பெற்றோர் வென்றார்கள். 1973 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி லூயிஸ் பவல், வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரப் பள்ளி வாரியத்துக்கு 1952 முதல் 1961 வரை தலைவராக இருந்தவர். உள்ளூர் நிர்வாகத்தின்மேல் அவருக்கிருந்த மதிப்பு தீர்ப்பு முழுவதும் தெரிகிறது. இந்த முறை நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. சீர்திருத்தம் வேண்டும், ஆனால் அது சட்டம் இயற்றுவோரிடமிருந்தும், அவர்களைத் தேர்ந்தெடுப்போர் தரும் அழுத்தத்திலிருந்தும் வர வேண்டும் என்பது அவர் முடிவு. எட்ஜ்வுட் குழந்தைகளுக்கு அந்தத் தீர்ப்பு அநீதி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அடுத்து எங்கே போக வேண்டும் என்ற வழியை அது காட்டிவிட்டது. தேர்ந்தெடுப்போரின் அழுத்தம்தான் மருந்து என்றால், பள்ளிக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்தானே முதலில் பேச வேண்டும்?

பேசினார்கள். 1984 கோடையில் ஆளுநர் மார்க் வைட் கூட்டிய சிறப்பு அமர்வு, தொழிலதிபர் ராஸ் பெரோ தலைமையிலான குழுவின் பரிந்துரைகளை ஒட்டி ஒரு பெரிய கல்விச் சட்டத்தை நிறைவேற்றியது. வகுப்பில் மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு வந்தது, ஏழை மாவட்டங்களுக்கு உதவி கூடியது. ஏற்றத்தாழ்வின் அடித்தளம் மட்டும் அசையவில்லை. அதே ஆண்டில் எட்ஜ்வுட் மாவட்டமே வாதியாக மாநில நீதிமன்றம் சென்றது. 1968-இல் எதிர்த்தரப்பில் இருந்த வாரியம் இப்போது பெற்றோரோடு தோள் சேர்ந்து நின்றது. வேறு பல ஏழை மாவட்டங்களும் சேர்ந்துகொண்டன. 1989 அக்டோபர் 2 அன்று டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 9 நீதிபதிகளும் ஒருமனதாக, மாநிலத்தின் நிதிமுறை அரசமைப்புக்கு முரணானது என்றது. ஒரு மாணவருக்கான சொத்து மதிப்பு மிகப் பணக்கார மாவட்டத்தில் 1.4 கோடி டாலர், மிக ஏழை மாவட்டத்தில் சுமார் 20,000 டாலர்: 700 மடங்கு வித்தியாசம். இந்த எண்களை உண்டாக்கியவர்கள் வழக்கறிஞர்கள் அல்லர்; ஆண்டுதோறும் வரவு செலவு எழுதும் வாரியங்களின் ஏடுகளில் அவை ஏற்கெனவே இருந்தன.

நீதிமன்றம் வென்றுகொடுத்தது என்றால் சட்டமன்றத்தில் போய் ஏன் மன்றாட வேண்டும் என்று கேட்கலாம். அதற்கடுத்த 6 ஆண்டுகளைப் பார்த்தால் பதில் கிடைக்கும். தீர்ப்புக்குப் பின் சட்டமன்றம் வகுத்த திட்டங்கள் 1991-இலும் 1992-இலும் நீதிமன்றத்தில் வீழ்ந்தன. 1993 மே மாதம் மக்கள் வாக்கெடுப்புக்குப் போன அரசமைப்புத் திருத்தத்தை வாக்காளர்களே நிராகரித்தார்கள். பள்ளிகளை மூட வேண்டிய நிலைமை வருமோ என்ற அச்சத்தின் நடுவே, அந்த மே மாத இறுதியில், பணக்கார மாவட்டங்களின் வரி வருவாயில் ஒரு பகுதியை ஏழை மாவட்டங்களுக்குத் திருப்பும் சட்டம் கையெழுத்தாயிற்று. ‘ராபின் ஹூட்’ திட்டம் என்று பத்திரிகைகள் அழைத்த அது 1995-இல் நீதிமன்றத்திலும் தாக்குப்பிடித்தது. நீதிமன்றம் ‘இது தவறு’ என்று சொல்லலாம். எவ்வளவு, யாரிடமிருந்து, யாருக்கு என்று எழுதுவது சட்டமன்றம் மட்டுமே. 2011-இல் சட்டமன்றம் பள்ளி நிதியில் 540 கோடி டாலரைக் குறைத்தபோது சுமார் 600 மாவட்டங்கள் மறுபடி வழக்குப் போட்டன. கீழ் நீதிமன்றத்தில் வென்றன. 2016 மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம், முறை குறையுடையதுதான், ஆனாலும் அரசமைப்பு கோரும் குறைந்தபட்சத்தை எட்டுகிறது என்று முடித்துவைத்தது. அன்றோடு நீதிமன்ற வழி ஏறக்குறைய அடைபட்டது. 2019-இல் 1,160 கோடி டாலர் மதிப்பிலான கல்வி நிதி, வரிக்குறைப்புச் சட்டம் வந்ததும், ஒரு மாணவருக்கான அடிப்படை ஒதுக்கீடு 5,140 டாலரிலிருந்து 6,160 ஆக உயர்ந்ததும் எந்தத் தீர்ப்பின் கட்டாயத்தாலும் அல்ல. அவற்றை நிறைவேற்றியது சட்டமன்றமே.

பணம் கூடினால் படிப்பு கூடும் என்பதற்கு என்ன நிச்சயம் என்பது பழைய ஆட்சேபம். பவல் தீர்ப்பும் அந்த ஐயத்தில் சாய்ந்து நின்றது. மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி தர்குட் மார்ஷல் அதற்குச் சொன்ன பதில் இன்றும் அசைக்க முடியாதது: பணத்தால் கல்வியின் தரம் மாறாது என்றால், நாட்டின் மிகப் பணக்காரப் பள்ளி மாவட்டங்கள் சில டெக்சாஸின் பக்கம் நின்று இவ்வளவு ஊக்கமாக வாதாடுவானேன்? பணத்தை வீணாக்கும் வாரியங்கள் உண்டு. அதைக் கண்டுபிடிக்கத் தணிக்கை உண்டு, திறந்த கூட்டம் உண்டு, அடுத்த தேர்தல் உண்டு. 26 டாலரைச் சிக்கனமாகச் செலவழித்தாலும் 26 டாலர்தான்.

அடுத்த ஆட்சேபம் இன்னும் கூர்மையானது: மக்கள் வரிப்பணத்தில் சங்கச் சந்தா கட்டி, அந்தச் சங்கத்தின் ஆட்களை வைத்து மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றத்தையே நெருக்குவது சரியா? டெக்சாஸ் செனட் 2019 முதல் பலமுறை இதைத் தடுக்கும் மசோதாவை நிறைவேற்றியிருக்கிறது. பிரதிநிதிகள் அவையைக் கடந்து சட்டமாகாமலே அந்த மசோதாக்கள் நின்றுபோயின. இந்தக் கவலையில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். கூலிக்குப் பேசும் தரகர் ஒருவரிடம் ஊரின் குரலை ஒப்படைத்துவிட்டு வாரியம் சும்மா இருக்குமானால் அது சோம்பல்தான். ஆனால் தடையின் பாரம் யார்மேல் விழும்? சட்டமன்றக் குழுக்களின் விசாரணையில் பேச விரும்புபவர் சாட்சிப் பதிவு செய்து, மசோதாவுக்கு ஆதரவா எதிர்ப்பா என்று குறித்து, மணிக்கணக்கில் காத்திருந்து, இரண்டு மூன்று நிமிடம் பேசிவிட்டு எழ வேண்டும். எல் பாசோவிலிருந்து ஆஸ்டினுக்கு 900 கிலோமீட்டருக்கு மேல். சம்பளமில்லாத உறுப்பினர், வேலைக்கு விடுப்பெடுத்து, 200 பக்க நிதி மசோதாவில் தன் ஊருக்கு எந்த வரி பாதகம் என்று தானே கண்டுபிடித்துப் பேச வேண்டும் என்றால், பெரிய நகர மாவட்டங்கள் எப்படியாவது சமாளிக்கும். 300 பிள்ளைகள் படிக்கும் பண்ணை ஊர் ஊமையாகிவிடும். தனியார் பள்ளிக்குப் பொதுப்பணம் கேட்கும் அமைப்புகளுக்கோ இந்தத் தடை பொருந்தாது. அவை தனியார் பணத்தில் இயங்குபவை.

எனக்கு மிகக் கடினமாகப் படும் ஆட்சேபம் வேறு. உள்ளூர் வாரியம் எப்போதும் குழந்தைகளின் பக்கம் நின்றதா? நிற்கவில்லை. 1956-இல் மேன்ஸ்ஃபீல்டில் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்கும்படி ஃபெடரல் நீதிமன்றம் உத்தரவிட்டும், கும்பல் பள்ளியை மறித்தது; ஆளுநர் ஆலன் ஷிவர்ஸ் ரேஞ்சர் காவலரை அனுப்பியது அந்தப் பிள்ளைகளைக் காக்க அல்ல; அவர்கள் தொடர்ந்து ஃபோர்ட் வொர்த் பள்ளிக்கே பஸ்ஸில் போனார்கள். மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகளைத் தனி வகுப்பில் அடைத்த வாரியங்களும் பல. உள்ளூர் உரிமை என்ற சொல்லை அவர்கள் கேடயமாகப் பிடித்தார்கள் என்பதை மறைத்து இந்தக் கதையைச் சொல்வது நேர்மையாகாது. ஆனால் அந்த வாரியங்களை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும். டெக்சாஸில் வாக்களிக்கத் தலைவரி கட்ட வேண்டும் என்ற விதி மாநிலத் தேர்தல்களில் 1966 வரை நீடித்தது. அது போனபின் என்ன நடந்தது என்பதற்குக் கிறிஸ்டல் சிட்டி உதாரணம். மாணவரில் பெரும்பான்மையினர் மெக்சிக வம்சாவளியினராக இருந்த அந்த ஊரில் 1969 டிசம்பரில் மாணவர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். 1970 ஏப்ரலில் வாரியத் தேர்தலில் ஹோசே ஆங்கெல் குட்டியெரெஸும் அவருடைய தோழர் இருவரும் வென்று, வாரியத்தின் போக்கையே மாற்றி, இருமொழிக் கல்வியைக் கொண்டுவந்தார்கள். வெளிநடப்புக்கும் வெற்றிக்கும் இடையே 5 மாதம்கூட இல்லை. வாரியத் தேர்தலில் வாக்களிப்போர் குறைவு என்று குறை சொல்பவர்களுக்கும் இதுவே என் பதில். மாநிலச் சட்டமன்றத்தை 5 மாதத்தில் மாற்ற எந்த ஊராலும் முடியாது.

வாரியங்களின் குரல் ஒன்றுசேர்ந்தால் எவ்வளவு தூரம் கேட்கும் என்பதை 2012-13 காட்டியது. உயர்நிலைப் பள்ளி முடிக்க 15 மாநிலத் தேர்வுகள் என்ற விதிக்கு எதிராக 800-க்கும் மேற்பட்ட வாரியங்கள், ஊர் ஊராக, தீர்மானம் நிறைவேற்றி ஆஸ்டினுக்கு அனுப்பின. பெற்றோர் அமைப்புகளும் சேர்ந்தன. கட்சி வேறுபாடு பாராமல் பெரும் ஆதரவோடு 2013 சட்டம் அதை 5 தேர்வாகக் குறைத்தது. தேர்வே வேண்டாமென்று அந்த வாரியங்கள் சொல்லவில்லை. கற்பிக்கும் நாள்களைத் தேர்வு எவ்வளவு தின்கிறது என்று பள்ளி நாள்காட்டியைக் காட்டிச் சொன்னார்கள். அதற்கு எதிர்க்கணக்கு சட்டமன்றத்திடம் இல்லை.

இனி, தோல்வி. தனியார் பள்ளிக் கட்டணத்துக்குப் பொதுப்பணம் தரும் வவுச்சர் திட்டம் 1990-களிலிருந்தே ஆஸ்டினில் எழுந்து எழுந்து விழுந்தது. தடுத்தவர்கள் ஜனநாயகக் கட்சியினர் மட்டுமல்லர். கிராமப்புறத் தொகுதிகளின் குடியரசுக் கட்சியினரும்தான். பல கிராமக் கவுண்டிகளில் தனியார் பள்ளியே கிடையாது. பள்ளி மாவட்டம்தான் ஊரின் பெரிய வேலைகொடுப்பவர். வாரிய உறுப்பினர்களும் சட்டமன்ற உறுப்பினரும் ஒரே கால்பந்து ஆட்டத்தில் பக்கத்தில் உட்காருபவர்கள். 2006-இல் வவுச்சருக்காக வாதிட்ட அவைக் கல்விக்குழுத் தலைவர் கென்ட் குருசெண்டார்ஃப் தன் கட்சி முதல்நிலைத் தேர்தலிலேயே தோற்றார். தோற்கடித்த டயான் பேட்ரிக், ஆர்லிங்டன் பள்ளி வாரியத்தில் இருந்தவர். 2023 நவம்பர் 17 அன்று பிரதிநிதிகள் அவையில் வவுச்சர் பகுதியை மசோதாவிலிருந்து நீக்கும் திருத்தம் 84-63 என வென்றது. 21 குடியரசுக் கட்சியினர் அதற்கு வாக்களித்தார்கள். அதன்பின் ஆளுநர் கிரெக் அபட் அவர்களில் மீண்டும் போட்டியிட்டவர்களை எதிர்த்துப் பிரசாரம் செய்தார். பென்சில்வேனியாவைச் சேர்ந்த பெருந்தனக்காரர் ஜெஃப் யாஸ் அபட்டின் தேர்தல் நிதிக்கு 60 லட்சம் டாலர் கொடுத்தார். அந்த 21 பேரில் பெரும்பாலானோர் 2025 அவைக்குத் திரும்பவில்லை. 2025 ஏப்ரலில் வவுச்சர் மசோதா பிரதிநிதிகள் அவையில் 86-61 என வென்றது. மே 3 அன்று சட்டமாயிற்று. முதல் ஈராண்டுக்கு 100 கோடி டாலர்.

பெற்றோருக்குத் தேர்வுரிமை வேண்டாமா என்பது இங்கே எழும் கேள்வி. தன் பிள்ளைக்கு நல்லது தேடும் தாய் தகப்பனை நான் குறைசொல்லமாட்டேன்; எட்ஜ்வுட் பெற்றோரும் அதையேதான் தேடினார்கள். ஆனால் வவுச்சர் பெறும் பள்ளி எந்தப் பிள்ளையைச் சேர்ப்பது, யாரை மறுப்பது என்று தானே முடிவு செய்யலாம். ஊர் வாக்களிக்கும் வாரியம் அதற்கு இல்லை. கூட்டத்தைத் திறந்துவைக்க வேண்டியதும் இல்லை. பொதுப்பணம் அங்கே போகிறது, பொதுக்கணக்கு கூடப் போவதில்லை. 2025 தோல்வியை வைத்து வாரியங்களின் பேச்சு பயனற்றது என்று முடிவுகட்டுவோரோடும் நான் உடன்படவில்லை. 30 ஆண்டு அந்தப் பேச்சு தாங்கியது. ஊருக்கும் அதன் பிரதிநிதிக்கும் இடையில் வெளிமாநிலப் பணம் புகுந்த பிறகுதான் அது தோற்றது. அதே அமர்வில் பொதுப் பள்ளிகளுக்கு சுமார் 850 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. அதில் கணிசமான பங்கு ஆசிரியர் ஊதிய உயர்வுக்குப் போனது. ஆனால் வாரியங்கள் பெருமளவு தம் விருப்பப்படி செலவிடக்கூடிய அடிப்படை ஒதுக்கீடு ஒரு மாணவருக்கு 55 டாலர்தான் உயர்ந்தது. 2019-இல் 6,160, இடையே ஆறாண்டு விலையேற்றம், 2025-இல் 6,215. சட்டமன்றத்தின் அடுத்த வழக்கமான அமர்வு 2027 ஜனவரி 12 அன்று கூடுகிறது. இதற்கெல்லாம் முன்பே, 2023 ஜூனில், மாநிலத்தின் மிகப் பெரிய மாவட்டமான ஹூஸ்டனில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியத்தின் அதிகாரத்தைப் பறித்து மாநிலம் தானே நியமித்தவர்களை அமர்த்தியது. அந்த முடிவை எடுத்த மாநிலக் கல்வி ஆணையர் மைக் மொராத், ஒரு காலத்தில் டாலஸ் பள்ளி வாரியத்தில் உறுப்பினராக இருந்தவர். ஹூஸ்டனில் நடந்ததை அடுத்த பகுதியில் பார்ப்போம்.